எறிகோணம், வேகம், நிறை: எறிபொருள் இயக்கத்தை வீட்டில் அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

பதினோராம் வகுப்பில் எறிபொருள் இயக்கம் நடத்தி முடித்ததும், அறிவியல் கண்காட்சிக்கென்று காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள் செய்ய ஆசைப்படுவது ஸ்பிரிங் பீரங்கி. கையில் எடுத்ததுமே கோணத்தை மாற்றிச் சுட ஆரம்பித்துவிடுகிறார்கள். 45 டிகிரியில்தான் தூரம் அதிகம் என்று பாடத்தில் இருக்கும், இவர்களுக்கு 35 டிகிரியில் அதிகம் வரும். நிறைக்கும் தூரத்துக்கும் தொடர்பில்லை என்று பாடத்தில் இருக்கும், இவர்கள் கனமான குண்டைப் போட்டதும் தூரம் சட்டென்று குறையும். கடைசியில் நோட்டில் எண்களை மாற்றி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

பாடத்தில் இருப்பதும் சரி, அவர்கள் அளந்ததும் சரி. ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் மாறியதால்தான் இரண்டும் ஒட்டவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் நிறை முதலில், வேகம் அடுத்து, கோணம் கடைசியில். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஐந்தாம் படியில் கற்கும் முறையை வைத்துத்தான் ஏழாம் படியில் பீரங்கியின் வேகத்தையே அளக்கப் போகிறோம்.

1. தேவையான பொருளும் இடமும்

வயரிங் வேலைக்குப் பயன்படுத்தும் பிவிசி கேசிங் ஒரு மீட்டர் நீளம், அடிப்பக்கம் தட்டையாக இருப்பது. 16 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலி இரண்டு. அதே அளவில் எஃகுப் பேரிங் குண்டு இரண்டு. பழைய பேரிங் உடைத்துப் போட்டிருக்கும் லாரிப் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். ஒரு டேபிள் டென்னிஸ் பந்து. கார்பன் தாள், வெள்ளைத் தாள், செல்லோ டேப், டேப் அளவுகோல், பாகைமானி. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் கிடைத்தால் நல்லது. தூக்குக்குண்டு இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஏவுகுழாய்க்கு, அதாவது ஸ்பிரிங் பீரங்கிக்கு, தனியாக 20 மில்லிமீட்டர் மின்குழாய் ஒரு துண்டு, அதற்குள் நுழையும் ஸ்பிரிங், ஒரு மரத்தண்டு, ஒரு ஆணி. வேலூர் லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போகும்போது குண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். குழாய்க்குள் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஒரே 20 மில்லிமீட்டர் குழாயிலும் சுவரின் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாடி வேண்டாம், கூடத்தில் செய்யுங்கள். வேலூர் வெயில் தெரிந்ததுதான். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் வைத்தால் கேசிங் இளகித் தொய்ந்துவிடும். காலையில் அளந்த சாய்வு மதியம் இருக்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எஃகுக் குண்டுக்கு விசிறிக் காற்று பொருட்டில்லை, டேபிள் டென்னிஸ் பந்துக்கு அதுவே பெரிய தள்ளு.

2. சாய்தளத்தை அமைத்தல்

கேசிங்கின் ஒரு முனையைப் புத்தக அடுக்கின் மேல் வையுங்கள். மறுமுனையில் 15 செ.மீ நீளத்தை மேசை மீது தட்டையாக வைத்து, மேசை விளிம்போடு சரியாக முடியும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். நடுவில் கேசிங் தானாக வளைந்து இறங்கட்டும். ஓர் இடத்தில் மடக்கிவிட்டால் குண்டு அங்கே துள்ளும். துள்ளும்போது போகும் ஆற்றல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது.

அடுத்து, தட்டையான பகுதி உண்மையிலேயே மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். ரசமட்டம் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஒரு கோலியை அங்கே வைத்துக் கையை எடுங்கள். அது எந்தப் பக்கமும் நகரக்கூடாது. நகர்ந்தால் அடியில் தாளை மடித்து வைத்துச் சரிசெய்யுங்கள். இந்த முனை கொஞ்சம் மேல்நோக்கி இருந்தாலும் நீங்கள் கிடைமட்டமாக எறியவில்லை, ஏதோ ஒரு கோணத்தில் எறிகிறீர்கள் என்று ஆகிவிடும். நாம் இன்னும் கோணத்துக்கே வரவில்லை.

சாய்வு 30 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். சரிவு அதிகமானால் குண்டு உருளாமல் வழுக்கத் தொடங்கும். உருளும் குண்டுக்கும் வழுக்கும் குண்டுக்கும் வேகம் வேறு, கணக்கும் வேறு.

எல் வடிவ அலுமினியப் பட்டையைச் சாய்தளமாக வைக்கச் சிலர் விரும்புவார்கள். அதில் குண்டு இரண்டு பக்கச் சுவர்களைத் தொட்டுக்கொண்டு உருளும். அதே உயரத்திலிருந்து விட்டாலும் அதிகமாகச் சுழன்று மெதுவாக வெளியே வரும். தவறில்லை, ஆனால் கீழே நான் தரும் எண்களோடு ஒத்துப்போகாது. முதல் தடவைக்குத் தட்டையான கேசிங்கே போதும்.

பூஜ்யப் புள்ளியைக் குறிப்பது இந்தப் படியில் முக்கியமான வேலை. கேசிங் முடியும் இடத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். எல்லாத் தூரமும் இந்தப் புள்ளியிலிருந்துதான். மேசைக் காலிலிருந்து அளப்பது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மேசைப் பலகை காலுக்கு வெளியே நாலைந்து செ.மீ நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நாலைந்து செ.மீ எல்லா அளவிலும் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒப்பிடும்போது விகிதமே வராது.

3. எதையும் மாற்றாமல் பத்து முறை

குண்டு விழும் இடம் சுமாராகத் தெரிந்ததும், அங்கே வெள்ளைத் தாளைத் தரையோடு ஒட்டுங்கள். அதன் மேல் கார்பன் தாளை மை பக்கம் கீழே இருக்கும்படி சும்மா வையுங்கள், ஒட்ட வேண்டாம். டைல்ஸ் தரை என்றால் எஃகுக் குண்டு அதைச் சிதைத்துவிடும். ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு, உயரத்தை அந்தப் பலகையிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

ஒரே குண்டு, ஒரே உயரம். பத்து முறை விடுங்கள். விரலால் பிடித்து விடாதீர்கள். விரல் விலகும்போது குண்டை லேசாகத் தள்ளும், சுழற்றும். அடிஸ்கேலைக் குறுக்கே வைத்துக் குண்டை நிறுத்தி, ஸ்கேலைக் குண்டு ஓடும் திசையிலேயே சட்டென்று முன்னால் எடுத்துவிடுங்கள்.

தாளில் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு மேல் புள்ளி விழலாம். குண்டு துள்ளி மறுபடி விழுந்ததன் தடம் அது. அருகில் இருப்பதுதான் முதல் விழுதல், அதற்கு உடனே எண் போட்டுவிடுங்கள்.

பத்துப் புள்ளிகளும் ஒரு செ.மீ வட்டத்துக்குள் விழுந்தால் அமைப்பு நன்றாக இருக்கிறது. மூன்று செ.மீ அகலத்துக்குச் சிதறினால் மேலே போகாதீர்கள். கேசிங்கில் தூசி இருக்கும், டேப் தளர்ந்திருக்கும், அல்லது குண்டு பக்கச் சுவரில் இடித்துக்கொண்டு வரும். இந்தச் சிதறல் எவ்வளவு என்று தெரியாமல், பிறகு வரும் ஒரு செ.மீ வித்தியாசத்தைப் பார்த்து நிறையால் வந்ததா, கை நடுக்கத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் நேரமில்லை என்று தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். மீதி எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

4. நிறையை மட்டும் மாற்றுதல்

16 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலி சுமார் 5 கிராம். அதே அளவு எஃகுக் குண்டு சுமார் 17 கிராம். நிறையில் மூன்று மடங்கு வித்தியாசம், உருவமும் அளவும் ஒன்றே. இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கக் காரணமும் அதுதான்: அளவு ஒன்றாக இருந்தால் காற்று தடுக்கும் பரப்பும் ஒன்று.

கேசிங் முனையைவிட 20 செ.மீ உயரத்தில் குண்டின் நடுப்புள்ளி இருக்கும்படி நிறுத்தி, எஃகு ஐந்து முறை, கோலி ஐந்து முறை விடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி விடுவது நல்லது. நடுவில் டேப் தளர்ந்தாலும் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும்.

என் மேசை 76 செ.மீ உயரம். அந்த உயரத்துக்குக் கணக்குப்படி வரவேண்டிய தூரம் 66 செ.மீ. எஃகும் கோலியும் இந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரே கூட்டமாக விழும். மூன்றாம் படியில் பார்த்த சிதறலைவிட இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்காது. கேசிங்கின் உராய்வால் இரண்டுமே ஓரிரு செ.மீ குறைவாக வரலாம், அது பரவாயில்லை.

ஏன் இப்படி? கனமான குண்டை ஈர்ப்பு விசை அதிகமாக இழுக்கிறது. ஆனால் அதை வேகப்படுத்தவும் அதே விகிதத்தில் அதிக விசை தேவை. சாய்தளத்தில் இறங்கும்போதும் சரி, காற்றில் விழும்போதும் சரி, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. இங்கே நிறை மாறினாலும் வேகம் மாறவில்லை. அதனால்தான் நிறைக்கான சோதனையைச் சாய்தளத்தில் வைத்தேன். ஸ்பிரிங்கில் வைத்திருந்தால் நிறையோடு வேகமும் மாறியிருக்கும்.

இப்போது டேபிள் டென்னிஸ் பந்தை விடுங்கள். கேசிங்குக்குள் அது நுழையாது. விளிம்புகளின் மேல் உட்கார்ந்து உருளும். ஆகவே அகலமான ஒரு பலகையைச் சாய்தளமாக வைத்து, எஃகுக் குண்டையும் அதிலேயே விட்டு ஒப்பிடுங்கள். பந்து கிட்டத்தில் விழும். “பார்த்தீங்களா சார், லேசா இருந்தா தூரம் குறையுது” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். குறைவுக்கு முதல் காரணம் பந்து உள்ளே வெற்றாக இருப்பது. அதன் நிறை முழுவதும் ஓரத்தில் இருப்பதால் இறங்கும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கைச் சுழற்சி எடுத்துக்கொள்கிறது. 20 செ.மீ உயரத்துக்கு எஃகுக் குண்டு நொடிக்கு 1.67 மீட்டர் வேகத்தில் வெளியேறும், வெற்றுப் பந்து 1.53 மீட்டர் வேகத்தில்தான். காற்றே இல்லாவிட்டாலும் தூரம் 66-லிருந்து 60 செ.மீ ஆகிவிடும்.

காற்றுத்தடை இரண்டாவது காரணம். இந்த வேகத்தில் அது சிறியது. ஆனால் 2.7 கிராம் எடையுள்ள அந்தப் பந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், காற்றுத்தடை அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். 16 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுக்கு 4 மீட்டர் வேகத்திலும் அது எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, காற்று இருக்கும் இடத்தில் நிறைக்கு வேலை உண்டு: கனமான பொருளைக் காற்றால் எளிதில் அசைக்க முடியாது.

5. வேகத்தை மட்டும் மாற்றுதல்

இனி எஃகுக் குண்டு மட்டும். சாய்தள உயரம் 5, 10, 20 செ.மீ என்று மூன்று இடங்களில் கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து முறை விட்டுச் சராசரி எடுங்கள். 76 செ.மீ மேசைக்கு வரவேண்டிய தூரங்கள் முறையே 33, 47, 66 செ.மீ.

5-லிருந்து 20-க்கு உயரம் நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. உருளும் திண்மக் குண்டுக்கு வேகத்தின் வர்க்கம் = 10 ÷ 7 × ஈர்ப்பு முடுக்கம் × சாய்தள உயரம். பாடத்தில் வரும் 2 × முடுக்கம் × உயரம் என்பது வழுக்கி இறங்கும் பொருளுக்கு. அதைப் போட்டுக் கணக்கிட்டால் 66-க்குப் பதில் 78 செ.மீ வரும், “உராய்வால் 12 செ.மீ போச்சு” என்று எழுதிவிடுவார்கள். உராய்வில் அவ்வளவு போகாது. ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போயிருக்கிறது.

வேகம் எவ்வளவானாலும் குண்டு தரையைத் தொட எடுக்கும் நேரம் மாறுவதில்லை என்பதையும் இங்கேயே காதால் கேட்டுவிடுங்கள். ஒருவர் சாய்தளத்தில் குண்டை விடட்டும். அது விளிம்பைத் தாண்டும் நொடியில் இன்னொருவர் அதே உயரத்திலிருந்து மற்றொரு குண்டை நேராகக் கீழே விடட்டும். நாலைந்து முறை பழகினால் இரண்டு சத்தமும் ஒன்றாக விழும். 76 செ.மீ விழ 0.39 நொடி. மேசையின் உயரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. செல்போனில் ஸ்லோமோஷன் இருந்தால் எடுத்துப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்.

நேரம் மாறாததால்தான் மேசையிலிருந்து கிடைமட்டமாக எறியும்போது வேகம் இரண்டு மடங்கானால் தூரமும் இரண்டு மடங்கு. தரையிலிருந்து சாய்த்து எறியும்போது அப்படியில்லை. அங்கே வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் இருக்கும் நேரமும் இரண்டு மடங்காகிறது. இரண்டும் சேர்ந்து தூரத்தை நான்கு மடங்காக்கும். இந்த இரண்டு விதிகளையும் குழப்பிக்கொள்ளாமல் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

6. ஏவுகுழாய் செய்தல்

மின்குழாயில் 30 செ.மீ வெட்டுங்கள். ஒரு முனையில் மூடி போட்டு, மூடியின் நடுவில் தண்டு நுழையும் அளவுக்குத் துளை. தண்டின் உள்முனையில் குண்டைத் தள்ள ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஸ்பிரிங். தண்டை வெளியே இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய நிலையில் மூடிக்கு வெளியே தண்டில் ஒரு துளை போட்டு ஆணியைச் செருகுங்கள். ஆணியை உருவினால் குண்டு பறக்கும்.

கையால் இழுத்துவிடும் ஏவியைச் செய்யாதீர்கள். ஆணி எப்போதும் ஒரே துளையில் நின்றால்தான் ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அமுங்கும். ஆணியை நேராக, வேகமாக உருவுங்கள். மெதுவாகத் திருகி எடுத்தால் தண்டு உரசி வேகம் குறையும்.

குழாயைத் தாங்கியில் பொருத்தும்போது அது திரும்பும் அச்சு குழாயின் வாய்ப்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் வைத்தால் கோணம் ஏற ஏற வாயும் மேலே ஏறும், கோணத்தோடு ஏவும் உயரமும் மாறிவிடும். 30 செ.மீ குழாயில் இது 20 செ.மீக்கு மேல் போகும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் முன்னால் நிற்கக்கூடாது. நொடிக்கு 4 மீட்டர் என்பது பெரிய வேகமில்லை, ஆனால் 17 கிராம் எஃகு கண்ணில் பட்டால் அது போதும். குண்டு உள்ளே இருக்கும்போது குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதை முதல் நாளே கண்டித்து நிறுத்துங்கள்.

7. ஏவுகுழாயின் வேகத்தை அளத்தல்

குழாயை மேசை விளிம்பில் 0 டிகிரியில் வையுங்கள். எஃகுக் குண்டைச் சுடுங்கள். வாயின் உயரத்திலிருந்து விழும் நேரத்தைக் கணக்கிடுங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். வாய் 76 செ.மீ உயரத்தில் இருந்து குண்டு 1.58 மீட்டரில் விழுந்தால் வேகம் நொடிக்கு 4 மீட்டர். ஐந்தாம் படியில் செய்ததேதான். வேகத்துக்கென்று தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஈர்ப்பு முடுக்கத்துக்கு 9.8 போட்டால் போதும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வேலூரில் அது சுமார் 9.78. இந்தச் சோதனையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

8. கோணத்தை மட்டும் மாற்றுதல்

இனி குழாயைத் தரைக்கு இறக்குங்கள். குண்டு விழும் இடமும் வாயின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். செங்கல் அடுக்கி அதன் மேல் பலகை போட்டு, வாயின் உயரத்துக்குக் கொண்டுவந்து, கார்பன் தாளை அதன் மேல் விரியுங்கள். பத்து செ.மீதானே என்று விடவேண்டாம். வேகம் 4 மீட்டராக இருக்கும்போது, விழும் தளம் வாயைவிட 10 செ.மீ கீழே இருந்தால் 30 டிகிரிக்கு 1.57 மீட்டரும் 60 டிகிரிக்கு 1.47 மீட்டரும் வரும். சமமாக வரவேண்டிய இரண்டும் 10 செ.மீ விலகி நிற்கும்.

ஒரே மட்டத்தில், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில், ஈர்ப்பு முடுக்கத்துக்கு 9.78 போட்டால் வரவேண்டியவை இவை:

15 டிகிரி: 0.82 மீட்டர்
30 டிகிரி: 1.42 மீட்டர்
45 டிகிரி: 1.64 மீட்டர்
60 டிகிரி: 1.42 மீட்டர்
75 டிகிரி: 0.82 மீட்டர்

தாழ்ந்த கோணத்தில் குண்டு முன்னால் வேகமாகப் போகிறது, ஆனால் காற்றில் நிற்க நேரமில்லை. உயர்ந்த கோணத்தில் நேரம் நிறைய இருக்கிறது, முன்னால் போகும் வேகம் இல்லை. 30 டிகிரியில் 0.41 நொடி, 60 டிகிரியில் 0.71 நொடி. தூரம் என்பது இந்த இரண்டின் பெருக்கல். இரண்டும் சமரசமாகும் இடம் 45.

கோணத்தை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பாகைமானியில் தூக்குநூல் கட்டி அளக்கும்போது, குழாய் தரையோடு செய்யும் கோணத்துக்குப் பதில் நூலோடு செய்யும் கோணத்தைப் படித்துவிடுவார்கள். 30 என்பது 60 ஆகப் பதிவாகும். விபரீதம் என்னவென்றால் 30-க்கும் 60-க்கும் தூரம் ஒன்று, 15-க்கும் 75-க்கும் ஒன்று. அட்டவணை முழுக்கத் தலைகீழாக இருந்தாலும் தூரம் அழகாகப் பொருந்தும், பிழை வெளியே தெரியாது. அதனால் உயரத்தையும் பாருங்கள். 30 டிகிரியில் குண்டு 20 செ.மீதான் எழும்பும், 60 டிகிரியில் 61 செ.மீ. பின்னால் சுவரில் அளவுகோலை ஒட்டிச் செல்போனில் படம் எடுத்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

15, 30, 45 என்று ஏறுவரிசையில் சுடாதீர்கள். சுடச் சுட ஆணித் துளை பெரிதாகும், ஸ்பிரிங் தளரும். ஏறுவரிசையில் போனால் அந்தத் தளர்ச்சி கோணத்தின் விளைவுபோல் தோன்றும். கலைத்துப் போட்ட வரிசையில் சுட்டு, கடைசியில் மறுபடி 45-க்கு வந்து முதல் அளவோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் 75 டிகிரி 15-ஐவிடக் கொஞ்சம் குறைவாக வரும். இது உங்கள் பிழையில்லை. குழாய் நிமிர நிமிர ஸ்பிரிங் குண்டைத் தள்ளுவதோடு மேலே தூக்கவும் வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் 5 செ.மீ அமுங்கியிருந்தால் 15-க்கும் 75-க்கும் இடையே தூரத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்கு வித்தியாசம் வரும். ஸ்பிரிங் தூக்க வேண்டிய தண்டின் எடையும் இதில் சேரும். எண்ணைத் திருத்தாமல் வந்ததை அப்படியே எழுதிப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். கண்காட்சியில் நடுவர் கேட்கும் நல்ல கேள்விக்கு அதுவே பதில்.

9. மேசை மேலிருந்து சுடும்போது

அதே குழாயை மீண்டும் மேசை மீது ஏற்றிக் கோணம் வைத்துத் தரையில் விழ விடுங்கள். 76 செ.மீ உயரம், நொடிக்கு 4 மீட்டர். 45 டிகிரியில் 2.20 மீட்டர் வரும். 30 டிகிரியில் 2.25. அதிகபட்சம் 36 டிகிரிக்குப் பக்கத்தில், 2.27. பிள்ளைகளைக் குழப்பிய அந்த 35 டிகிரி இங்கிருந்துதான் வருகிறது: மேசையில் வைத்துச் சுட்டுவிட்டுத் தரையில் அளந்திருக்கிறார்கள்.

உயரத்திலிருந்து விழும்போது காற்றில் நிற்கும் நேரத்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நேரத்துக்காக மேல்நோக்கி அதிகம் செலவிடத் தேவையில்லை, முன்னால் தள்ளுவதில் செலவிடலாம். வேகம் அதிகமாக ஆக இந்த உயரத்தின் பங்கு சிறுத்து, சிறந்த கோணம் 45-ஐ நோக்கி நகரும்.

நேதாஜி விளையாட்டரங்கில் குண்டு எறிதல் நடக்கும்போது போய்ப் பாருங்கள். குண்டு கையை விடும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர். அந்த உயரமும் நல்ல வீரரின் வேகமும் சேர்ந்தால் கணக்குப்படி 42 டிகிரி சிறந்தது. ஆனால் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் 40-க்கும் கீழேதான் விடுகிறார்கள். மேல்நோக்கித் தள்ளும்போது கையால் தரமுடிந்த வேகம் குறைந்துவிடுகிறது, நம் ஸ்பிரிங்குக்கு 75 டிகிரியில் நேர்ந்ததைப்போல.

10. ஸ்பிரிங்கில் நிறையை மாற்றினால்

இதைக் கடைசியில்தான் செய்யவேண்டும். குழாயை 45 டிகிரியில், ஒரே மட்டத்தில் வைத்து எஃகையும் கோலியையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். கோலி விழும் பலகையில் ஒரு துணியை விரித்துவிடுங்கள், உடையாமல் இருக்கும். கோலி தெளிவாகத் தூரம் போகும்.

நான்காம் படியில் நிறையால் எதுவும் மாறவில்லையே என்று இங்கே கேட்கவேண்டும். சாய்தளம் இரண்டு குண்டுக்கும் ஒரே வேகத்தைக் கொடுத்தது. ஸ்பிரிங் இரண்டுக்கும் ஒரே ஆற்றலைக் கொடுக்கிறது. ஒரே ஆற்றலில் லேசான குண்டு அதிக வேகம் பெறும், அந்த வேகம்தான் தூரத்தைக் கூட்டுகிறது. குழாயை விட்டு வெளியே வந்த பிறகு நிறைக்கு அங்கே வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் கோலியை 0 டிகிரியில் மேசையிலிருந்து சுட்டு அதன் வேகத்தை ஏழாம் படியில் சொன்னபடி அளந்து, அந்த வேகத்தை வைத்து 45 டிகிரித் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், பொருந்தும்.

நிறை மூன்றில் ஒன்று என்றால் தூரம் மூன்று மடங்கு ஆகவேண்டுமே, ஒன்றரை மடங்குதானே வருகிறது என்று அடுத்த கேள்வி வரும். ஸ்பிரிங் குண்டை மட்டும் தள்ளவில்லை, தண்டையும் சேர்த்துத் தள்ளுகிறது. தண்டு 17 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகோடு சேர்த்து 34 கிராம், கோலியோடு சேர்த்து 22 கிராம். விகிதம் ஒன்றரைதான். தண்டை எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள்.

11. வரைபடம்

எண்களை அப்படியே வளைகோடாக வரைந்தால் எது சரி, எது பிழை என்று கண் சொல்லாது. நேர்கோடு வரும்படி வரையுங்கள். சாய்தளச் சோதனைக்குக் கிடைமட்ட அச்சில் சாய்தள உயரமும் செங்குத்து அச்சில் தூரத்தின் வர்க்கமும். எல்லாம் மீட்டரில் இருந்தால், 76 செ.மீ மேசைக்குக் கோட்டின் சாய்வு 2.17 வரவேண்டும். 3.04-க்குப் பக்கத்தில் வந்தால் குண்டு உருளாமல் வழுக்கியிருக்கிறது, சரிவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

கோணச் சோதனைக்குக் கிடைமட்ட அச்சில் இருமடங்கு கோணத்தின் சைன் மதிப்பு, செங்குத்து அச்சில் தூரம். 15, 75-க்கு 0.5. 30, 60-க்கு 0.866. 45-க்கு 1. கோடு பூஜ்யத்தின் வழியே போகவேண்டும். சாய்வு வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்த மதிப்பு, நம் குழாய்க்கு 1.64. தாழ்ந்த கோணப் புள்ளிகள் இரண்டும் கோட்டுக்கு மேலேயும் உயர்ந்த கோணப் புள்ளிகள் கீழேயும் பிரிந்து நின்றால், வாயின் மட்டத்தையும் பலகையின் மட்டத்தையும் ரசமட்டம் வைத்து மறுபடி பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் 60, 75 டிகிரிப் புள்ளிகள் சற்றே கீழே நின்றால், அது எட்டாம் படியில் சொன்ன ஸ்பிரிங்கின் தூக்குச் செலவு. அந்தப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடுங்கள்.